உயிருள்ள கரை: கதீட்டர் சிகிச்சையும் இரத்தக் குழாயின் உட்படலமும்

டமாஸ்கஸில் கல்வி கற்றுக் கெய்ரோவில் மருத்துவராகப் பணிபுரிந்து ஹிஜ்ரி 687இல், அதாவது கி.பி. 1288இல் மறைந்த பேரறிஞர் இப்னு நஃபீஸ் அவர்கள், இரத்தம் நுரையீரல் வழியே சுற்றிவரும் பாதையை முதலில் எடுத்துரைத்தவர் என்ற முறையில் இன்று உலகெங்கும் போற்றப்படுகிறார். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றியல் பகுதிக்கு அவர் எழுதிய விரிவுரையில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அச்சுவடியை 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டு உலகறியச் செய்தவர் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர். அதே விரிவுரையில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கருத்தும் உண்டு. இதயம் தன் வலது அறையில் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து நேராக உணவு பெறுகிறது என்று முன்னோர் கருதினர். இப்னு நஃபீஸ் அதனை மறுத்து, இதயத்தின் தசைக்குள்ளே ஊடுருவிச் செல்லும் குழாய்களின் இரத்தமே இதயத்துக்கு உணவாகிறது என்று எழுதினார்.

அந்தக் குழாய்களையே இன்றைய மருத்துவம் கரோனரித் தமனிகள் என அழைக்கிறது. அவற்றில் ஏற்படும் அடைப்பை அறியவும் நீக்கவும் மெல்லிய குழல் ஒன்றைக் கை வழியாகவோ தொடை வழியாகவோ செலுத்தும் சிகிச்சை இன்று கோவையிலும் ஈரோட்டிலும் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. சிகிச்சை முடிந்து நோயாளி வெளியே வந்ததும் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, "அடைப்பை எடுத்தாயிற்றா?" என்பதே. கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குழல் உரசிச் சென்ற இரத்தக் குழாயின் உட்புறம் என்னவாயிற்று? சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் நோயாளியின் உயிர் பெரிதும் இக்கேள்வியின் விடையைச் சார்ந்திருப்பதால், அதனைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

கரையும் காரைப்பூச்சும்

ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைப்பது குறித்து அண்மை ஆண்டுகளில் விவசாயிகளிடையே எழுந்த வாதத்தை நம்மில் பலர் அறிவோம். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டுமாயின் கசிவைத் தடுக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். மண்கரை வெறும் தடுப்புச் சுவர் அன்று. அதன் வழியே கசியும் நீரே இருபுறமும் உள்ள கிணறுகளை வாழ வைக்கிறது என்றனர் மறுசாரார். அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நமது பேசுபொருள் அன்று. கரை என்பது நீரைத் தாங்குவதோடு வேறு வேலைகளையும் செய்யக்கூடும் என்ற எண்ணம் மட்டும் இங்கு நமக்குத் துணையாகிறது. இரத்தக் குழாயைப் பற்றி மருத்துவ உலகம் வெகுகாலம் கொண்டிருந்த கருத்து, கரையைக் காரைப்பூச்சாகப் பார்த்த கருத்தே ஆகும்.

ஒவ்வோர் இரத்தக் குழாயின் உட்புறத்திலும் ஒரே ஓர் உயிரணுவின் கனமுடைய மெல்லிய படலம் ஒன்று தரையோடு பதித்தது போல் பரவியிருக்கிறது. இதனை எண்டோதீலியம் என்பர். நாம் உட்படலம் எனக் குறிப்பிடுவோம். இரத்தம் வழுக்கிச் செல்ல உதவும் ஒரு பூச்சு என்பதற்கு மேல் இதற்கு மதிப்பளிக்கப்படாத நிலையை மாற்றியது, நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்து 1980இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு. அசிட்டைல்கோலின் என்னும் பொருளை உடலினுள் செலுத்தினால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆனால், முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்த கீற்றின் மீது அதே பொருளை இட்டபோது அது சுருங்கியது. இம்முரண்பாட்டின் காரணம் பின்னர் புலப்பட்டது. கீற்றுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்பரப்பு எதிலாவது உரசி, உட்படலம் உதிர்ந்துபோயிருந்தது. உரசாமல் கவனமாக எடுக்கப்பட்ட குழாயோ, அசிட்டைல்கோலின் பட்டதும் தளர்ந்து விரிந்தது.

ஓர் உரசல் போதும், குழாய் தன் விரியும் திறனை இழந்துவிடுகிறது என்பதே அந்த ஆய்வு கற்பித்த பாடம். உட்படலம் ஏதோ ஒரு செய்தியைத் தசைக்கு அனுப்புகிறது. அச்செய்தியைப் பெற்றே தசை தளர்கிறது. அந்தத் தூதுப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது 1980களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. இதற்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கப்படும் மாத்திரை இதே வாயுவை உடலில் வெளியிட்டே பயனளிக்கிறது.

உட்படலத்தின் பணி குழாயை விரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. தட்டணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி இரத்தம் உறைந்துவிடாமல் அது காக்கிறது. கொழுப்பும் வெள்ளணுக்களும் வரம்பின்றிச் சுவருக்குள் புகாமல் தடுக்கிறது. சுவரிலுள்ள தசை உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதை அடக்கி வைக்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகை, மிகுகொழுப்பு ஆகியவை முதலில் சேதப்படுத்துவதும் இப்படலத்தையே. 1986இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் நோயாளிகளின் இதயத் தமனிக்குள் கதீட்டர் வழியாக அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தபோது, நலமான தமனிகள் விரிந்தன. கொழுப்புப் படிந்த தமனிகள் சுருங்கின. ஃபர்ச்காட் முயலில் கண்டதை மனித இதயத்தில் காட்டித் தந்தது கதீட்டரே என்பது இங்குக் கருதத்தக்கது.

ஒரு கருவியின் நெடும்பயணம்

கதீட்டர் என்ற சொல் கிரேக்கத்தில் பிறந்தது. கி.பி. 1000 அளவில் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் இச்சொல்லின் அரபி வடிவத்தையே கையாண்டு, அடைபட்ட சிறுநீரை வெளியேற்றுவதற்கான மெல்லிய வெள்ளிக் குழலை வருணிக்கிறார். சிறுநீர்ப் பாதைக்கென உருவான அக்கருவி இதயத்தைச் சென்றடைந்தது 1929இல்தான். ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகரில் பணியாற்றிய இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், சிறுநீர்க் குழாய்க்குரிய 65 சென்டிமீட்டர் நீளக் குழலைத் தமது கை நரம்பினுள் தாமே செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அதன் நுனி இதயத்தை எட்டியதைப் படமெடுத்துக் காட்டினார். அவருக்கு நோபல் பரிசு 1956இல் கிடைத்தது.

1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் என்பவர் இதயத் தமனிக்குள்ளேயே சாயத்தைச் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கு வழிவகுத்தார். 1977 செப்டம்பர் 16 அன்று ஸூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக், சிறு பலூனை விரித்து அடைப்பைத் திறந்தார். அவரிடம் பயிற்சி பெற்றுச் சென்னையில் பணியாற்றி 2025இல் மறைந்த டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் இந்தியாவின் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தவர் எனப் பாராட்டப்படுகிறார். திறந்த குழாய் மீண்டும் மூடாதிருக்க ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழல் மனித இதயத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டதும் அதே 1986இல், பிரான்ஸ் நாட்டில்தான்.

கொங்கு மண்டலத்தில் 1952இல் தொடங்கப்பெற்ற ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை, பி.எஸ்.ஜி. மருத்துவமனை, கோவை மெடிக்கல் சென்டர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எனப் பல இடங்களில் இச்சிகிச்சை இன்று கிடைக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி ஆகிய ஊர்களிலிருந்து மாரடைப்புடன் வருவோர் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பாகும் என்பதால், சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் இணைக்கும் முறை ஒன்று தேவைப்பட்டது. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்ற கோவை - ஈரோடு முன்னோடி ஆய்வு அதற்கு வித்திட்டது. அதன் வழிவந்த தமிழ்நாட்டு மாரடைப்புத் திட்டம் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. திட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஓராண்டுக்குள் நிகழும் இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது என 2017இல் வெளியான அதன் அறிக்கை கூறுகிறது. கதீட்டர் உயிர் காக்கும் கருவி என்பதில் நமக்கு ஐயம் வேண்டியதில்லை. அது ஏற்படுத்தும் காயத்தைப் பற்றிப் பேசுவதும் அந்தப் பயன் முழுமை பெற வேண்டும் என்பதற்காகவே.

மணிக்கட்டில் நிகழ்வது

முன்பு பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகவே கதீட்டர் செலுத்தப்பட்டது. 1989இல் கனடாவின் லூசியன் கம்போ மணிக்கட்டுத் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் செய்யும் முறையை வெளியிட்டார். இம்முறையில் இரத்தக்கசிவு குறைவு. நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். மாரடைப்பு நோயாளிகளில் மணிக்கட்டு வழி உயிரிழப்பையும் குறைக்கிறது என்பதை எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2015இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வு காட்டியது. ஆகவே இன்று மணிக்கட்டே முதல் தேர்வாகியுள்ளது.

ஆயினும் மணிக்கட்டுத் தமனி சிறியது. அதன் உள்விட்டம் பலருக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். கதீட்டரின் பருமனைப் பிரெஞ்சு என்னும் அலகால் அளப்பர். ஓர் அலகு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வழக்கமாகப் பயன்படும் 6 அலகுக் கதீட்டர் 2 மில்லிமீட்டர் பருமனுடையது. அதனைத் தாங்கும் உறைக்குழல் அதைவிடச் சற்றுப் பெரிது. ஆகவே பலருக்குத் தமனியின் உட்பரப்பு முழுவதையும் உறைக்குழல் உரசிக்கொண்டே செல்கிறது. ஒளிக்கதிர் கொண்டு குழாயின் உட்புறத்தைப் படமெடுக்கும் முறையில் ஜப்பானிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, இவ்வாறு குழல் செலுத்தப்பட்ட மணிக்கட்டுத் தமனிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் உட்படலக் கிழிசல்கள் காணப்பட்டன. பெரும்பாலானவை நோயாளி உணராத நுண்ணிய காயங்களே.

காயம் பட்ட படலத்தின் செயல்திறனை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. டேவிட் செலர்மேஜரும் அவர் துணைவரும் 1992இல் விளக்கிய முறை அது. கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி 5 நிமிடம் வரை இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திடீரென விடுவித்தால், பாய்ந்து வரும் இரத்தத்தை உணர்ந்து நலமான உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும், தமனி விரியும். எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். கதீட்டர் சென்ற கையில் இச்சோதனையைச் செய்தோர், விரியும் திறன் தெளிவாகக் குறைவதைக் கண்டனர். 2009இல் ஜெர்மானிய ஆய்வு ஒன்று, இக்குறை மணிக்கட்டோடு நிற்காமல் முழங்கைக்கு மேலுள்ள தமனியிலும் தோன்றுகிறது என்றும், புகைபிடிப்போரிடமும் ஒன்றுக்கு மேற்பட்ட கதீட்டர்கள் மாற்றிச் செலுத்தப்பட்டோரிடமும் அது கடுமையாகி நீடிக்கிறது என்றும் தெரிவித்தது.

மகிழ்ச்சிக்குரிய செய்தி, இப்படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது என்பதாகும். காயத்தின் ஓரத்திலுள்ள உயிரணுக்கள் பெருகி நகர்ந்து வெற்றிடத்தை மூடுகின்றன. பலருக்கும் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் விரியும் திறன் பெரும்பாலும் மீள்கிறது. சிலருக்குக் குறை எஞ்சிவிடுகிறது. இன்னும் சிலருக்குக் காயத்தின் மீது இரத்தம் உறைந்து தமனி முற்றிலும் அடைபடுவதுண்டு. உள்ளங்கைக்கு மற்றொரு தமனியும் இரத்தம் தருவதால் இவ்வடைப்பு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. குழலை எடுத்தபின் இடப்படும் அழுத்தக்கட்டு இரத்தக்கசிவைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கமாக இருந்து, தமனிக்குள் ஓட்டம் தொடர இடமளித்தால் இவ்வடைப்பு வெகுவாகக் குறையும். 2008இல் 436 பேரைக் கொண்ட ஆய்வில், ஒரு மாத அளவில் 7 விழுக்காடாக இருந்த அடைப்பு இவ்வெளிய கவனத்தால் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஒரு முறை குழல் சென்ற மணிக்கட்டுத் தமனியைப் பின்னாளில் பைபாஸ் அறுவைக்கு மாற்றுக் குழாயாகப் பயன்படுத்த அறுவை மருத்துவர்கள் தயங்குவதும் இதனாலேயே. சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் இணைப்பு அமைக்கவும் கைத்தமனி தேவைப்படும். எந்தக் கை வழியாக எப்போது சிகிச்சை நடந்தது என்பதைக் குடும்பத்தினர் குறித்து வைத்து அடுத்த மருத்துவரிடம் கூறுதல் நன்று.

இதயத் தமனியில் நிகழ்வது

மணிக்கட்டில் நிகழ்வது உரசல் என்றால், அடைப்புள்ள இடத்தில் நிகழ்வது நசுக்கல் எனலாம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் அழுத்தம் கொடுத்துப் பலூன் விரிக்கப்படும்போது, கொழுப்புத் திட்டு பிளந்து ஓரங்களுக்கு ஒதுங்குகிறது. அவ்விடத்து உட்படலம் உரிந்துபோகிறது. வழி திறந்துவிட்டது, ஆனால் வழியைக் காக்கும் காவலர் இல்லை. உட்படலத்தின் அடக்குமுறை நீங்கியதால் சுவரின் தசை உயிரணுக்கள் பெருகிக் குழாயை மீண்டும் குறுக்குகின்றன. பலூன் மட்டும் பயன்பட்ட காலத்தில் மூவரில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அடைப்பு திரும்பிய காரணம் இதுவே.

சாதாரண உலோக ஸ்டென்ட் வந்தபின் மறு அடைப்பு குறைந்தது. எனினும் தசைப் பெருக்கம் நிற்கவில்லை. அதனை அடக்க, உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தை ஸ்டென்டின் மீது பூசும் எண்ணம் பிறந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ் என்னும் மருந்து பூசிய ஸ்டென்ட் 1999இல் பிரேசிலில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. மறு அடைப்பு பெரிதும் குறைந்தது. ஆயின், தசையின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து உட்படலத்தின் வளர்ச்சியையும் தாமதப்படுத்தியது. சாதாரண உலோகக் கம்பிகளைச் சில வாரங்களில் மூடிவிடும் படலம், முதல் தலைமுறை மருந்து ஸ்டென்டுகளை மூடப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டது; சிலரிடம் ஆண்டுகள் கடந்தும் கம்பிகள் வெளியே தெரிந்ததை இறந்தோரின் இதயங்களை ஆராய்ந்தோர் 2006இல் எடுத்துக்காட்டினர். மூடப்படாத கம்பி இரத்தத்தின் பார்வையில் ஓர் அந்நியப் பொருள்; தட்டணுக்கள் அதன்மீது ஒட்டி உறைந்தால் திறந்த குழாய் நொடியில் அடைபடும்.

பின்னர் வந்த ஸ்டென்டுகளில் கம்பி மெலிந்தது, பூச்சு மேம்பட்டது, படலம் விரைவாகவே மூடுகிறது. புதிதாக முளைத்த படலமும் உடனே முழுத்திறன் பெற்றுவிடுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் உட்படலத்தின் காவல் வேலையை யார் செய்வது? ஆஸ்பிரினும் அதனுடன் தரப்படும் குளோபிடோக்ரல், டிக்காக்ரெலார் போன்ற மற்றொரு மாத்திரையும் செய்கின்றன. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பதே அவற்றின் வேலை. பொதுவாக மாரடைப்புக்குப் பின் ஓராண்டும், மாரடைப்பின்றித் திட்டமிட்டு ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்க்கு ஆறு மாதமும் இரு மாத்திரைகளும் தேவைப்படும். இரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்க்கு மருத்துவர் இக்காலத்தைக் குறைப்பார். அதன்பின் ஒரு மாத்திரை தொடரும்.

2005இல் 2,229 நோயாளிகளை ஆராய்ந்த ஐரோப்பிய மருத்துவர்கள், ஸ்டென்டினுள் இரத்தம் உறைவதற்கு மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துவதே மற்றெல்லாக் காரணங்களையும்விட வலிமையான காரணம் எனக் கண்டனர். அவ்வாறு உறைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தனர். அவை முதல் தலைமுறை ஸ்டென்டுகள் என்பதும், இன்று அபாயம் குறைந்துள்ளது என்பதும் உண்மை. ஆயினும் மாத்திரை நிறுத்தம் தரும் எச்சரிக்கை மாறவில்லை. பல் பிடுங்குவதற்காகவோ, வயிற்றெரிச்சலுக்காகவோ, "வலி இல்லையே" என்பதற்காகவோ இதய மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது, படலம் மூடாத உலோகத்தைக் காவலின்றி விடுவதாகும்.

மாத்திரையும் நோன்பும்

நம் சமுதாயத்தில் இந்நிறுத்தம் நிகழும் பருவம் ஒன்று உண்டு. ரமளான் பிறந்ததும், இதுவரை தவறவிடாத நோன்பைத் தவறவிட மனமின்றி, பகல் மாத்திரைகளைத் தாமே ஒதுக்கிவிடும் முதியவர்கள் நம் வீடுகளில் உள்ளனர். அவர்களது இறையச்சம் மதிக்கத்தக்கது. அந்த இறையச்சத்துக்குச் சரியான தகவல் துணை நிற்க வேண்டும்.

1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் பத்தாவது அமர்வு, மருத்துவச் சிகிச்சைகளில் நோன்பை முறிப்பவை எவை, முறிக்காதவை எவை என ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. இதயத் தமனிகளைப் படமெடுக்கவும் சிகிச்சை செய்யவும் குழாய்க்குள் கதீட்டர் செலுத்துவது நோன்பை முறிக்காது என அதில் கூறப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையும், கரைந்து தொண்டைக்கு வருவதை விழுங்காத வரையில், முறிக்காதவற்றின் பட்டியலில் உள்ளது. விழுங்கும் மாத்திரை முறிக்கும் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

எனவே சிகிச்சையைவிடச் சிகிச்சைக்குப் பிந்தைய மாத்திரையே நோன்பாளியின் உண்மையான பிரச்சினை. இதற்கு வழி இருக்கிறது. கோவைப் பகுதியில் நோன்பு நேரம் ஏறத்தாழ 13, 14 மணி நேரமே. நாளுக்கு ஒரு முறை உண்ணும் மாத்திரைகளை இஃப்தாருக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். இரு வேளை மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்குமாகப் பங்கிட இயலுமா, அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இதனை ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மாரடைப்போ ஸ்டென்டோ நிகழ்ந்த உடனடி வாரங்களிலும், இதயம் பலவீனமாக உள்ளபோதும் நோன்பைத் தவிர்க்கவே மருத்துவர்கள் அறிவுறுத்துவர். நீர்ச்சத்துக் குறைவும் அக்காலத்தில் தீங்கு செய்யும். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தவும், தீராத நோயெனில் ஏழைக்கு உணவளிக்கவும் மார்க்கம் தந்துள்ள சலுகை, அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே கூறப்பட்டிருக்கிறது. அச்சலுகையை ஏற்பது கீழ்ப்படிதலே. நம் பள்ளிவாசல் இமாம்கள் ஷஅபான் மாத ஜும்ஆ உரைகளில் இதனை ஒரு முறையேனும் எடுத்துரைத்தால் பல குடும்பங்கள் பயனடையும்.

மணிக்கட்டு வழியாகச் சிகிச்சை பெற்றவர் முதல் ஓரிரு நாள்கள் அக்கையை ஊன்றி எடை கொடுத்தலாகாது. ஸுஜூதில் உள்ளங்கையை அழுத்தும் நிலை இதற்குள் அடங்கும். அந்நாள்களில் அமர்ந்து சைகையால் தொழலாம். கட்டு உள்ளவர் உளூச் செய்யும் முறையைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறியலாம்.

ஆறுவதற்குத் துணை நிற்பவை

ஸ்டென்ட் வைக்கப்படும் இடம் ஓரிரு அங்குலம். உட்படலமோ உடலெங்கும் பரவியுள்ளது. ஓரிடத்தில் அடைப்பு உண்டாகும் அளவுக்குப் படலம் நலிந்திருக்குமானால் மற்ற இடங்களிலும் அது நலிந்தே இருக்கும். 52 நாடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பு அபாயத்தின் பெரும்பகுதியை ஒன்பதே காரணிகள் விளக்கிவிடுகின்றன எனக் காட்டியது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் ஸலீம் யூசுஃப் அதற்குத் தலைமை வகித்தார். தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஐந்து, ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதளவில் வருகிறது என்பதும் அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று.

அக்காரணிகளுள் புகையை முதலில் சொல்ல வேண்டும். பீடியும் சிகரெட்டும் உட்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடை நேரடியாக அழிக்கின்றன. கதீட்டரால் பட்ட காயம் புகைப்போரிடம் தாமதமாக ஆறுவதை மேலே கண்டோம். பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் குடும்பத்தினரின் படலமும் நலிகிறது என்பது 1996இல் நிறுவப்பட்டது. அடுத்தது சர்க்கரை. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் நீரிழிவு உள்ளது. கட்டுப்படாத சர்க்கரை, புதிய படலம் வளர்வதைத் தடுக்கிறது. மூன்றாவது நடை. 2000இல் ஜெர்மானிய மருத்துவர்கள், இதயத் தமனி நோயாளிகளுக்கு நான்கு வாரம் முறையான உடற்பயிற்சி அளித்தபின் அவர்களது தமனிகள் அசிட்டைல்கோலினுக்குச் சுருங்கும் தன்மை பாதியளவுக்குக் குறைந்ததைக் கண்டனர். ஓடும் இரத்தத்தின் வருடலே உட்படலத்துக்கு உரம் என்பதை இது உணர்த்துகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் உட்படலத்தின் திறனை மேம்படுத்துகிறது. கொழுப்பு அளவு சரியாகிவிட்டதென்று அதனை நிறுத்துவது பிழை.

தமிழக அரசு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. 2017இல் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்சவிலை நிர்ணயித்து விலையைப் பெரிதும் குறைத்தது. கருவியும் கைத்திறனும் பணமும் பெரும்பாலும் கிடைத்துவிட்ட இக்காலத்தில், அவற்றுக்குப் பின் எஞ்சி நிற்பது நோயாளியும் குடும்பமும் காக்க வேண்டிய ஓராண்டு ஒழுங்கு. மருத்துவர் அரை மணி நேரத்தில் வழியைத் திறக்கிறார். அந்த வழிக்குக் கரை மீண்டும் உருவாவது கண்ணுக்குத் தெரியாமல் பல மாதங்கள் நிகழ்கிறது.

உடல் நமக்கு இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அந்த அமானிதத்தின் உள்ளே, ஓர் உயிரணுவின் கனத்தில், கேட்பாரின்றித் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஒரு படலத்தையும் அவன் அமைத்து வைத்திருக்கிறான். அது தன் வேலையைச் செய்து முடிக்கும் வரை இடையூறு செய்யாதிருப்பதும், அதற்குரிய மாத்திரையையும் நடையையும் தவறாது அளிப்பதும் நம் பங்கு. அப்பங்கை நிறைவேற்றும் அறிவையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!